திருடனைக் கேட்டு வாங்கிய அலாரம்

பழைய காருக்கு அலாரம் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டியைப் பார்க்கிறார்கள், தங்கள் காரின் கதவைப் பார்ப்பதில்லை. புதுக் காரில் கதவும் பூட்டும் ஒன்றாகப் பிறந்தவை. பழைய காரில் கதவு தொங்கியிருக்கும், உள்கம்பி துருவேறியிருக்கும். அதற்குள் மோட்டாரை வைத்து ரிமோட்டில் திற, மூடு என்றால் அது என்ன செய்யும். முதலில் கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு வயல்காட்டு ஆள் வேண்டியிருக்கிறது.

ஐயா, இதை நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதி, நான் கீழே கைநாட்டு வைத்த காலம் ஒன்று உண்டு. நாற்பத்தைந்து வயதில் அறிவொளி வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு அது போயிற்று. எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் நேராக இருக்கும். நீங்கள் என்னை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்பது தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பெயர் தியாகேசன். நீலமேகம் வீட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். அவர் என்னைவிட நாலு வயது சின்னவர், என்னை டேய் என்பார். பத்து வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தார். அங்கே பெரிய கம்பெனியில் இருந்ததாக ஊரில் பேச்சு. அவர் மனைவி சௌந்தரநாயகி அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து கற்ற பிறகு அவர் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். நீலமேகம் அங்கே ஓர் அரபி வீட்டில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் எண்பத்தேழாம் வருடத்துக் கார் ஒன்றை வாங்கி, அதைத் துடைக்க என்னை வைத்தார்.

அந்தக் காரிலிருந்த பாட்டுப் பெட்டி ஒரு நாள் காணாமல் போயிற்று. துடைப்பவன் நான், ஆகவே திருடன் நான். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. இதே ஸ்டேஷன்தான், இதே பெஞ்சுதான். அப்போது இங்கே இருந்தவர்கள் வேறு. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இடது கைச் சுண்டுவிரல் இன்னும் மடங்காது. மூன்று மாதம் கழித்து, அவர் மகன் ராகுல் அதைத் தன் கூட்டாளிக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. அம்மா எனக்கு ஒரு வேட்டி கொடுத்தார். நீலமேகம் ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை.

அப்புறம்தான் அவருக்கு அலாரம் ஆசை வந்தது. குவைத்தில் பொத்தானை அழுத்தினால் கார்கள் கீக் என்று குரல் கொடுக்குமாம். தன் காரும் கடைத்தெருவில் அப்படிக் குரல் கொடுத்து நாலு பேர் திரும்ப வேண்டும். உள்ளே இருப்பது ஒரு குடை, ஒரு துண்டு. அதற்கு அலாரம்.

தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் சத்தம் மட்டும். ஒன்றில் ரிமோட் பூட்டு மட்டும். மூன்றாவதில் இரண்டும் உண்டு. யாராவது காரைத் தட்டினால் அலற வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் கூட இருந்தது. நீலமேகத்துக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காதபோது அவர் சிரிப்பார். என்னைக் காட்டிச் சொன்னார்:

"இவனைக் கேளுங்க. எந்தப் பூட்டு நல்ல பூட்டுன்னு திருடனுக்குத்தானே தெரியும்."

கடைக்காரரும் சிரித்தார். நான் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கைநாட்டு படிக்கிறான் பாருங்கள் என்றார் நீலமேகம். படித்து முடித்து மூன்றாவதைக் காட்டினேன். இன்னொன்றும் சொன்னேன். கண்ணாடியோரம் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பூட்டுக் குமிழை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது கண்ணாடி இடுக்கில் கம்பியை விட்டு அதைத் தூக்கிவிடுவான். கடைக்காரர் தயங்கினார்.

"வெட்டிட்டா உள்ள இருக்கறவங்களால திறக்க முடியாதுண்ணே. ரிமோட் இருந்தாத்தான்."

"என் வண்டியில உட்கார்றவன் நான் சொன்னாத்தான் இறங்கணும். வெட்டுங்க."

இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். கதவைக் கழற்றி மாட்டியதில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகளில் மூன்று உடைந்தன. மிச்சமிருந்த ஒன்றை நாலு கதவுக்கும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டோம். அதுவே போதும் என்றார்.

அன்று என் மனத்தில் ஒன்றும் இல்லை. நல்ல பூட்டைக் கேட்டார், நல்ல பூட்டைச் சொன்னேன்.

திருடன் என்கிற பேச்சு மட்டும் நிற்கவில்லை. அவருக்கு அது வேடிக்கை. திருத்துறைப்பூண்டியில் என் மகள் கனகாவின் வீட்டுக்குப் போனால், அவள் மாமியார் பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். காபி தருவார், சாவியைச் செருகிக்கொண்டு தருவார். நான் ஒரே ஒரு தடவை நீலமேகத்திடம் கேட்டேன். தெருவில் நாலு பேர் இருக்கும்போது, தியாகேசன் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் முதலாளி என்றேன்.

"அத வேற தமுக்கடிக்கணுமாடா உனக்கு," என்றார்.

சென்ற பங்குனியில் அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆற்றில் தண்ணீர் வராத வருடம், வயலில் எனக்கு வேலை இல்லை. அவரைத் தூக்குவது, உட்கார வைப்பது, காரைத் துடைப்பது என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. ஒரு ரிமோட் அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. இன்னொன்று என்னிடம் வந்தது. பேட்டரி மாற்றுவதும் நான்தான். அந்த வீட்டில் அந்தத் தாளைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு திருகாணி உண்டு என்று தாளில் போட்டிருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் காது கூர்மையாகும். தினம் கொஞ்சம் திருப்பினேன். காக்கை உட்கார்ந்தால் கார் அலறியது. ஆடு உரசினால் அலறியது, பஸ் போனால் அலறியது. முதல் வாரம் தெருவே ஓடி வந்தது. இரண்டாம் வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் திட்டினார்கள். இவ்வளவுதான் ஜனங்கள். ஒரு சத்தத்தை இருபது தடவை கேட்டால் அவர்களுக்குக் காது போய்விடும்.

எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் மூஸா பாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தார். நல்ல மனிதர். நல்லவர்களால் வேலை தாமதமாகும். அவரை நிறுத்தியது நான் இல்லை, நீலமேகம். கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"என் வண்டி கத்தினா உங்களுக்கு என்ன பாய். கடையில எடை சரியா இருக்கான்னு பாருங்க."

மூஸா பாய் கடைக்குத் திரும்பிப் போனார். மறுநாளிலிருந்து அவரும் எழுந்து வரவில்லை.

வைகாசி முதல் வாரம், நல்ல வெயில். தஞ்சாவூருக்கு டாக்டரிடம் போக வேண்டிய நாள். வாடகை டிரைவரை மூன்று மணிக்கு வரச் சொன்னேன். நீலமேகத்திடம் பன்னிரண்டு என்று சொன்னேன். சாப்பாடு ஆனதும் பின்சீட்டில் உட்கார வைத்தேன். புழுதி வருகிறது, கண்ணாடியை ஏற்று என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். நாலையும் ஏற்றிவிட்டுக் கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டேன். கார் புங்கமரத்தடியில் நின்றது. அந்த மரத்தின் நிழல் பன்னிரண்டரைக்குக் காரை விட்டு நகர்ந்துவிடும். நிழலைப் பார்த்து நாற்றுப் பறித்தவனுக்குக் கடிகாரம் எதற்கு. ரிமோட்டை அழுத்தினேன். கீக் என்றது. அவருக்குப் பிடித்த சத்தம்.

முதலில் அதட்டினார். பிறகு கழுத்து ரிமோட்டை எடுத்து இடது கட்டைவிரலால் அழுத்தினார். அதிலிருந்த பேட்டரி காலையிலிருந்தே என்னிடம் இருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தார். கைநாட்டு வைக்கிறவர் மாதிரி இருந்தது. அப்புறம் கண்ணாடியை அடித்தார். கார் அலறியது. அவர் அடிக்க அடிக்க அது அலறியது, அவர் களைத்தபோது அதுவும் ஓய்ந்தது.

சௌந்தரநாயகி அம்மா உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். ஆடு இடித்துவிட்டது, நீங்கள் படுங்கள் என்றேன். மூஸா பாய் கடையிலிருந்து தலையைத் தூக்கினார். நான் துடைக்கிற துணியும் கையுமாகக் காரோரம் நின்றேன். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லையே என்று நேற்று இங்கே வந்து அழுதாராம். அவர் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நீலமேகம் என்னைப் பார்த்து ஏதோ பேசினார். அலாரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு உதடும் எழுத்துதான். மூன்று தடவை ஒரே வாக்கியம். நீ எடுக்கலடா தியாகேசா, நீ எடுக்கல. தெரு முழுக்க ஆள் இருந்தும் ஒருவர் காதிலும் விழவில்லை. யார் காதிலும் விழாத சொல்லை வைத்துக்கொண்டு நான் கனகா வீட்டுக்குப் போக முடியுமா. நான் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு எல்லாம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தேன். பேட்டரியை அவர் ரிமோட்டில் போட்டேன். கைப்பிடியைச் செருகி நாலு கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டு, கைப்பிடியை அதன் இடத்தில் வைத்தேன். திருகாணியைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். டிரைவர் வந்து பார்த்தார். வெயிலும் இதயமும் சேர்ந்து இப்படி ஆகிவிட்டது என்றார் டாக்டர். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

குளிப்பாட்டும்போது அவர் கழுத்தில் எப்போதும் கிடக்கும் தங்கச் சங்கிலியைக் காணோம் என்று பேச்சு வந்தது. தியாகேசன்தான் கடைசியாகத் தொட்டவன் என்று ராகுல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். மேசை மேல் இருந்ததை நானும் படித்தேன். காரிலிருந்து அவரைத் தூக்கிக் கூடத்தில் கிடத்தும்போது சங்கிலி கழுத்தில் கிடந்தது. முன்பு பாட்டுப் பெட்டி எங்கே போயிற்றோ அங்கே தேடுங்கள்.

ஒரு சாவுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். அவர் சட்டைப் பையில் பர்ஸ் இருந்தது, கையில் மோதிரம் இருந்தது. ஒன்றையும் தொடவில்லை. அந்தப் பேட்டரியைக்கூடத் திருப்பி வைத்துவிட்டேன். இதையெல்லாம் தெருவில் வைத்து, மூஸா பாய் கடை வாசலில் நாலு பேர் கேட்கப் படித்துக் காட்ட வேண்டும். கனகாவின் மாமியாருக்கு ஒரு நகல் அனுப்பினால் நல்லது.

கொலை என்று எழுதுங்கள் ஐயா, முழுப் பெயரோடு கையெழுத்துப் போடுகிறேன். திருட்டு என்று எழுதினால் போட மாட்டேன்.