உலகம்மாள் கேட்ட சம்பளம்

வியாபாரப் பெரியவர்களே, ‘குடும்பத் தொழில் வாழ்க’ என்று நம் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன்... கொஞ்சம் காது கொடுங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு சந்தை. அங்கே ஆறுமுகநயினார் மாவு மில். ஆறுமுகநயினார் என்ன செய்வார்? வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். மெஷினில் நிற்பது யார்? அவர் மனைவி உலகம்மாள். புருவமெல்லாம் மாவு.

ஆறுமுகநயினார் காலமானார். கட்டடம் அந்தச் சந்தை வியாபாரிகள் சங்கத்துடையது. உலகம்மாள் சங்கத் தலைவர் முன்னால் போய் நின்றார்.

“அண்ணாச்சி, மில்லை என் பேருக்கு மாத்திக் குடுங்க.”

“ஏம்மா, தொழில்னா அண்ணனுக்கு அப்புறம் தம்பிக்குத்தானே? நீ வீட்டுப் பொம்பளை. சும்மா ஒத்தாசைக்கு நின்னே.”

சும்மா! கல்யாணமான மறுவாரத்திலிருந்து... சும்மா!

தம்பி சங்கரன் மும்பையில் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர். வந்தார், அண்ணன் படத்துக்கு மாலை போட்டு மில்லைத் திறந்தார், மிளகாய் அரைத்தார். மிளகாய்க்குப் பிறகு கொஞ்சம் அரிசி ஓட்டி மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும்; அது தெரியாமல், அதே சூட்டில் ஒரு கைக்குழந்தைக்கான கேழ்வரகையும் அரைத்தார். மறுநாள் அந்தக் குழந்தையின் தாய் வந்து பேசிய பேச்சு இந்த மேடைக்கு ஆகாது.

சங்கரன் அண்ணியிடம் ஓடினார்.

“மைனி, நாளையிலேருந்து நீங்களே மெஷின்ல நில்லுங்க.”

“நிக்கேன் தம்பி. சம்பளம் என்ன?”

“சம்பளமா! என்ன மைனி, இது நம்ம குடும்பத் தொழிலு. குடும்பத்துக்குள்ள சம்பளம் பேசுவாங்களா?”

கவனித்தீர்களா? உரிமை கேட்டால்... இது தொழில், நீ வெறும் குடும்பம். சம்பளம் கேட்டால்... இது குடும்பம், இங்கே ஏது சம்பளம்? ‘குடும்பம்’... எவ்வளவு வசதியான சொல் ஐயா!

உலகம்மாள் பக்கத்து ஊர் மில்லில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். பெண்கள் மாவரைக்கத் தூக்குச்சட்டியோடு அங்கேயே போகிறார்கள். சங்கத் தலைவருக்கு வருத்தம். “குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டா” என்றாராம்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கடைகள் பூட்டியா கிடக்கின்றன? இல்லையே! வரும் வழியில் பார்த்தேன், வியாபாரம் நடக்கிறது. கல்லாவில் இருப்பது யார்?... ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

குடும்பத் தொழில் என்றால், குடும்பத்தில் உழைக்கிற அத்தனை பேருக்கும் உரிய தொழில். கடை உரிமையில் அவர்கள் பெயரும் ஏறட்டும். இன்றே தீர்மானம் போடுங்கள். மனசில்லையா? ‘ஆம்பளைத் தொழில்’ என்று பலகையில் எழுதிவிடுங்கள். அதுவாவது உண்மையாக இருக்கும்.