அவள் அழித்த பதிவு

காலையில் எழுந்ததும் பிடித்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண் வேலை, ஐயா. அதனால்தான் ஃபீட் ரீடர்களைப் போனில் இறக்கிப் பார்க்கத் தொடங்கினேன். வலைப்பூக்களைச் சேர்த்துவிட்டால் புதுப் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துசேரும். ஒரு ரீடர் படங்களைக் காட்டவில்லை. இன்னொன்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவது நல்லது. எழுதியவர் பிறகு அழித்தாலும் வந்த பதிவு அதில் அப்படியே கிடக்கும்.

சாவகச்சேரியில் எனக்குப் போன் திருத்தும் கடை. ஆட்கள் வராத நேரத்தில் வாசிப்பேன். கூடுதலாக வாசித்தது ஜெசிதாவைத்தான். குருநகர்ப் பெண், நேரில் கண்டதில்லை. கணவாய்க் கறி, கூழ், கோயில் திருநாள் என்று எழுதுவாள். நடுவில் கணவன் சிமியோனைப் பற்றியும் எழுதுவாள். எல்லாப் பதிவுக்கும் நான் கொமென்ட் போட்டேன். முதலில் நன்றி சொன்னாள். பிறகு பதில் இல்லை. கடைசியில் கொமென்ட் போடும் இடத்தையே மூடிவிட்டாள். நான் கோபப்படவில்லை.

மாசியில் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக எழுதினாள். சில கிழமை கழித்து ஒரு படம் வந்தது. அடுப்பில் பிட்டு அவிகிறது. யன்னலுக்கு வெளியே அரிசி மில்லின் பெயர்ப்பலகை, அதில் பண்டத்தரிப்பு என்று ஊரும் இருந்தது. கவனித்திருப்பாள் போல, உடனே அழித்துவிட்டாள். என் ரீடரில் இருந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் குருநகருக்குப் போனேன். சிமியோன் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"ஆர் நீங்கள்?"

"ஜெசிதாவின்ரை எழுத்தை வாசிக்கிறவன். அவா எங்கை நிக்கிறா எண்டு எனக்குத் தெரியும், அண்ணை."

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தான். கையால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"உந்த மில்லுக்குப் பின்னாலைதான் லூர்த்தம்மா மாமியின்ரை வீடு," என்றான். பிறகு மரியாதையாகக் கேட்டான், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறியளோ?"

"இல்லை அண்ணை, கடை பூட்டிக் கிடக்கு. வாறன்."

அன்று பின்னேரம் சந்தையால் வந்த லூர்த்தம்மாதான் அவளைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கண்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

செத்தவீட்டுக்குப் போனேன். நான் அவளை முதன்முதல் கண்டது பெட்டிக்குள். ஆரோ சொந்தக்காரன் என்று நினைத்து லூர்த்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. அதனால்தான் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

பிரிந்த குடும்பம் சேரட்டும் என்று போனதாக நேற்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வரி பதில் போட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். தான் நிற்கும் இடம் தெரிந்தால் சிமியோன் தன்னைக் கொன்றுபோடுவான் என்று அவள் எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.