கூவுகல்

முதல் தப்பு கொம்பையாவுடையது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது. பிற்பாடு அவன் பெரிய மனுசன் ஆனான், ஊர் அவனுக்கு மாலை போட்டது, எல்லாம் சரிதான். ஆனாலும் வெயிலுமுத்துவின் சேவலைத் திருடித் தின்றவன் அவன். அதை யாரும் மாற்ற முடியாது.

இந்தப் பாதைக்குத் தார் வராத காலம். கரண்டுக் கம்பி இல்லாமல் காக்கைகள் வேலியில் உட்கார்ந்திருந்த காலம். அப்போது கரிசல்காட்டுக்கு நடுவில் வாகைக்குளம் என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊரெல்லாம் பனையோலைக் கூரை. அந்த ஊரில் வெயிலுமுத்து என்று ஒருவர் இருந்தாராம். நல்ல உழைப்பாளி. ஆனால் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், எந்தக் கால், எந்த விரல், எந்தத் திருவிழா என்று சாகும்வரை சொல்லுவாராம்.

அவரிடம் ஒரு செங்கீரிச் சேவல் இருந்தது. சண்டைச் சேவல் இல்லை, சும்மா சேவல்தான். ஆனால் அது கூவினால் குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவனும் எழுந்து உட்காருவானாம். வெயிலுமுத்துவுக்கு அது கூவினால்தான் விடியும்.

அதே ஊரில் பொதுநலத் தொண்டர் சங்கம் என்று ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை உண்டு. தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, அவர்களுக்கு நாற்காலியும் உண்டு. தண்ணீர்ப்பந்தல் வைக்கிறது, நோயாளியைக் கட்டிலோடு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறது, தீப்பிடித்தால் அணைக்கிறது, இதெல்லாம் சங்கத்து வேலை. வேலை செய்ய ஆள்தான் இல்லை. தலைவர் குற்றாலலிங்கம் பேச எழுந்தால் பந்தலில் இருக்கிற தண்ணீரை அவரே குடித்துத் தீர்த்துவிடுவாராம்.

அந்தக் கொம்பையாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் மீசை முளைத்த வயசு. வீட்டுக்கு அடங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் நடமாட்டம். இன்றைக்கு ஒரு வாழைத்தார், நாளைக்கு ஒரு பானைக் கருப்பட்டி. கடைசியில் வெயிலுமுத்துவின் சேவலில் கை வைத்தார்கள். குளத்தங்கரையில் சுட்டுத் தின்றுவிட்டு, இறகை அங்கேயே போட்டுவிட்டு, அதன்மேலேயே படுத்துத் தூங்கினார்களாம். பிடிப்பதற்கு ஒருவரும் கஷ்டப்படவில்லை.

சங்கம் கூடியது. நான்கு பேரையும் வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"போலீஸ்ல ஒப்படைச்சிருவோம்" என்றார் குற்றாலலிங்கம். "வெயிலுமுத்து, நீரு ஒரு பிராது சொன்னாப் போதும்வே. மிச்சத்தை அவங்க பாத்துக்கிடுவாங்க."

கொம்பையாவின் தாய் ஓடி வந்து வெயிலுமுத்துவின் முன்னால் விழுந்தாள். "அண்ணே, ஸ்டேஷன்ல ஒரு தடவை பேரு ஏறிட்டா எங்க களவு போனாலும் என் புள்ளையத்தான இழுத்துட்டுப் போவாக. அவன் திருந்துனாலும் விட மாட்டாகளே. நீங்க வேணும்னா அவன் கையை ஒடிச்சுருங்க."

வெயிலுமுத்து தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தாராம். இரக்கப்பட்டு யோசித்தார் என்று சிலபேர் கதை விடுகிறார்கள். அதெல்லாம் இல்லை. அவர் கேட்டது இதுதான்:

"போலீஸ் இவனுகளைக் கொண்டுபோனா, என் சேவலை யாருவே தருவா?"

"அதுதான் வயித்துக்குள்ள போயிட்டே" என்றார் குற்றாலலிங்கம்.

"அப்ப அந்த வயிறு எனக்குச் சேர வேண்டியது. இங்கதான் இருக்கணும்."

"வேற சேவல் வாங்கித் தரச் சொல்லுவோம்" என்றார் துணைத் தலைவர்.

"வேற சேவல் எனக்கு எதுக்கு? எனக்கு அந்தச் சேவல் வேணும். அது வாரவரைக்கும் இவனுக கூவட்டும்."

கூட்டம் சிரித்தது. வெயிலுமுத்து சிரிக்கவில்லை. விடியக்காலையில் நான்கு பேரும் அவர் வாசலில் உள்ள கல்லின்மேல் நின்று கூவ வேண்டும். ஒருநாள் தவறினாலும் பிராது. அவ்வளவுதான் தீர்ப்பு.

"இன்னொரு புகார் வந்தாப் பிறகு உம்ம பேச்சைக் கேக்க மாட்டோம், நேரா ஸ்டேஷன்தான்" என்று சொல்லிவிட்டுக் குற்றாலலிங்கம் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

மறுநாள் விடியலில் கூவினார்கள். கொம்பையாவுக்கு வெட்கத்தில் சத்தமே வரவில்லை. இசக்கி என்று ஒரு கூட்டாளி, அவன்தான் கொஞ்சம் நன்றாகக் கூவினானாம். பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு அவன் காலைச் சுற்றி வந்துவிட்டன. தெருவே வாசலுக்கு வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

உள்ளிருந்து வெயிலுமுத்து குரல் கொடுத்தார்: "இது என் சேவல் இல்ல. நாளைக்கு வா."

மறுநாள் வந்தார்கள். "அடித்தொண்டையில இழுக்கான். இது என் சேவல் இல்ல. நாளைக்கு வா."

அதற்கு மறுநாள் வந்தார்கள். "ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு. நாளைக்கு வா."

இப்படியே போனது. விடியக் கூவ வேண்டுமென்றால் ராத்திரி தூங்க வேண்டும். ராத்திரி தூங்குகிறவன் எப்படித் திருடுவான்? கூவி முடித்தால் நன்றாக விடிந்துவிடும். பிறகு தூக்கம் வராது. சும்மா நின்றால் வருகிற போகிறவனெல்லாம், "என்ன சேவலுகளா, முட்டை இட்டாச்சா?" என்று கேலி பண்ணுவான். அந்தக் கேலிக்குப் பயந்தே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப்பந்தலுக்கு இறைத்து ஊற்றினார்களாம். குடம் தலையில் இருக்கிறவனை யாரும் கேலி பண்ண மாட்டார்கள் அல்லவா? பந்தல் பானை அந்த வருசம்தான் முதன்முதலாக வழிந்தது. குற்றாலலிங்கம், "நம்ம சங்கத்துச் சேவையைப் பாருங்க" என்று வழிப்போக்கர்களிடம் சொன்னாராம்.

வெயிலுமுத்துவின் பெண்டாட்டி சீனியம்மாள், கூவுகிறவர்களுக்குக் கூழ் ஊற்றுவாள். "குடிங்கலே, தொண்டை நனைஞ்சாத்தான் நாளைக்காவது ஒழுங்காக் கூவுவிய" என்பாள். வெயிலுமுத்து முறைப்பார். "கடன்காரனுக்குக் கூழ் ஊத்துத பொம்பளையை எங்கயாவது கண்டிருக்கியா?" என்று பூனையிடம் கேட்பாராம்.

பங்குனி வந்தது. ஒரு மத்தியானம், தெருவின் மேற்குக் கோடியில் சோளத்தட்டை அடுக்கிய படப்பு தீப்பிடித்தது. மேல்காற்று வேறு. ஒரு கூரை பற்றி, அடுத்த கூரை பற்றி, நெருப்பு தெருவோடு நடந்து வந்தது. சங்கத்து வாளிகள் சங்க அறைக்குள் இருந்தன. சாவி பொருளாளர் மடியில் இருந்தது. பொருளாளர் மைத்துனன் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

நடுவில் ஒரு வீட்டுக் கூரையைப் பிடுங்கி இடைவெளி விட்டால்தான் தெரு தப்பும். இது எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டைப் பிடுங்குவது?

"என் கூரை போன வருசம்தான் வேஞ்சது" என்றான் ஒருவன்.

"என் வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கா."

"ஏன், தலைவர் வீட்டைப் பிடுங்குனா என்ன?"

குற்றாலலிங்கம் கையை உயர்த்தினார். "அவசரப்படக் கூடாது. ஒரு கூட்டம் போட்டு..."

கொம்பையா கூட்டாளிகளைப் பார்த்தான். "எலே, புதுசா ஒருத்தன்கிட்ட எதுக்குக் கடன்படணும்? ஏற்கெனவே கடன்பட்ட வீடு ஒண்ணு இருக்கே."

நான்கு பேரும் தெரு நடுவில் இருந்த வெயிலுமுத்துவின் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் காட்டில் இருந்தார். சீனியம்மாள் வாசலில் நின்றாள்.

"அத்தை, கூரையைப் பிரிக்கப் போறோம்."

"அவரு உங்களைக் கொன்னுருவாரே."

"தினமும் காலையில அதைத்தான அத்தை செய்யுதாரு."

அவள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாளாம். "அப்ப சீக்கிரம் ஏறுங்கலே."

ஓசைப்படாமல் கூரை ஏறிப் பழகியவர்கள் அல்லவா? கண் மூடித் திறப்பதற்குள் ஓலையெல்லாம் தெருவுக்குக் கிழக்கே போய் விழுந்தது. கை வெந்தது, இசக்கியின் தலைமுடி பாதி கருகியது. நெருப்பு வந்தது. வெறும் மண்சுவரைப் பார்த்தது. அதற்குமேல் போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அணைந்தது. தெருவின் கிழக்குப் பாதி முழுக்கத் தப்பியது.

புகையைப் பார்த்துவிட்டு வெயிலுமுத்து ஓடி வந்தார். அவர் பின்னாலேயே, தீ விபத்து விசாரிக்க ஏட்டும் வந்து சேர்ந்தார். வெயிலுமுத்து தன் வீட்டுக்குள் போய் நின்று மேலே பார்த்தாராம். வானம் தெரிந்தது.

"என் கூரை எங்கல?"

ஏட்டுக்கு அந்த நான்கு பேரையும் பற்றி ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். "கூரை மேல நின்னது இவனுகதானா? தீ வச்சதும் இவனுகதான் போலிருக்கே. ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே, இப்பவே கொண்டுபோறேன்."

கொம்பையாவின் தாய் கூட்டத்தில் நின்றாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கூரை போன மனுசன் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

வெயிலுமுத்து வெளியே வந்தார். கொம்பையாவின் வெந்த கையைப் பார்த்தார். அணைந்து கிடந்த சாம்பலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாக இருந்திருக்கும்.

"ஏட்டையா, தீ வச்சது காத்தும் அடுப்பும். கூரையைப் பிடுங்குனது இவனுக. முன்ன சேவல் ஒண்ணுதான் கடன், இப்பக் கூரையும் சேந்துட்டு. இவ்வளவு கடனை வச்சுக்கிட்டு இவனுக எங்கயும் வர முடியாது. நீங்க போயிட்டு வாங்க."

ஏட்டு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

அப்போது குற்றாலலிங்கம் முன்னால் வந்தார். "ஊரே இவனுகளைக் கும்பிடுது. நீரும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிரும்வே."

"உம்ம கூரையைக் குடுத்திருந்தா எனக்கும் மனசு பெருசாத்தான் இருந்திருக்கும்" என்றார் வெயிலுமுத்து.

நான்கு பேரும் பனையேறி ஓலை வெட்டிப் புதுக்கூரை போட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெயிலுமுத்து கீழே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா வேஞ்ச கூரை இல்லையே" என்றாராம்.

அதற்குப் பிறகு சங்கத்து வேலை எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. சாவி வாசலிலேயே தொங்கியது. கட்டில் தூக்கினார்கள், கால்வாய் வெட்டினார்கள். வழிதவறுகிற பையன் எவனாவது அகப்பட்டால் கொம்பையா அவனை அடிக்க விடமாட்டான். வெயிலுமுத்து வாசலுக்குக் கூட்டி வந்து, "மாமா, இன்னொரு கடன்காரன்" என்பான். "என் சேவலை இவனும் தின்னானா?" என்று கேட்பார் அவர். "இல்ல மாமா, இவன் வேற வீட்டுச் சேவல்." "சரி, கல்லுல ஏறச் சொல்லு."

காலம் போனது. கொம்பையாவே சங்கத்துக்குத் தலைவரானான். நரைத்த மீசையோடு தினமும் விடியலில் அந்தக் கல்லில் வந்து நிற்பானாம். வெயிலுமுத்து படுக்கையில் விழுந்தபோதும் வந்து நின்று கூவினான். அன்றைக்கு ரொம்ப நேரம் உள்ளிருந்து சத்தமே இல்லை. எல்லாரும் பயந்துவிட்டார்கள். பிறகு மெல்லக் குரல் வந்ததாம்: "இன்னைக்குக் கொஞ்சம் கிட்ட வந்துட்ட. ஆனா அது இல்ல."

அவர் போன பிறகும் கல்லை எடுக்கவில்லை. அதுதான் வாகைக்குளத்தில் இருக்கிற கூவுகல். சங்கத்துக்கு வேறு நல்ல பெயர் பலகையில் எழுதியிருக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் எவனைக் கேட்டாலும் சேவல் சங்கம் என்பான். சங்கத்தில் யார் சேர்ந்தாலும், படித்தவனோ போக்கிரியோ, முதல் விடியலில் அந்தக் கல்லில் ஏறிக் கூவ வேண்டும். வெயிலுமுத்து வகையறாவில் மூத்தவர் உள்ளிருந்து பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று ஊருக்கே தெரியும்.

போன பங்குனியில் கொம்பையாவின் கொள்ளுப்பேரன் பழத்தட்டோடு வந்து, "தாத்தா, இத்தனை தலைமுறையா கூவிட்டோம். தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்" என்று என்னிடம் கேட்டான்.

பழம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டுவர வேண்டியதை அவன் கொண்டுவரவில்லை.