சுவரொட்டியில் ஒரு கால்

— காலைத் தொடாதீங்க சிஸ்டர். பையை மூடிட்டு வந்த வழியே கிளம்புங்க.

— என்ன ஐயா இது? கட்டைப் பாருங்க, ஊறிப் போய்க் கெடக்கு. சர்க்கரை உடம்பு. இன்னிக்கு மாத்தலைன்னா புண்ணு மோசமாயிடும்.

— ஆகட்டும். என் கால்தானே... இல்ல இல்ல, தப்பாச் சொல்லிட்டேன். இப்ப அது ஊர்ச் சொத்து. பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியாச்சே!

— பார்த்துட்டீங்களா?

— நான் எங்கே பார்க்கிறது? மூணு மாடி இறங்கவா முடியுது என்னால? மருமகதான் போன்ல படம் புடிச்சிட்டு வந்து காட்டினா. நீங்க மண்டி போட்டு உக்காந்திருக்கீங்க. கையில பஞ்சு. மூஞ்சியில அப்படி ஒரு கருணை. கீழே கொட்டை எழுத்துல, 'மக்களின் காயத்துக்கு மருந்து நாங்கள்'. என்னை முட்டியோட வெட்டிட்டாங்க. காலுக்கு மேலே ஆளே இல்ல.

— மாமா, மெதுவா பேசுங்க. கீழே பேட்டரி கடை வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டுமே அம்மாடி! நீ துணியைத் தேய். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஹாரன் அடிச்சே பழக்கம்.

— ஐயா, சொல்றதைக் கேளுங்க. போன வாரம் என் கூட பை தூக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, கட்சி ஆபீஸ்காரர், அவர் எடுத்த படம் அது. எடுத்ததே எனக்குத் தெரியாது. காலையில சுவத்துல பார்த்ததும் நேரா ஆபீஸ் போய்ச் சண்டை போட்டுட்டுத்தான் இங்கே வர்றேன்.

— கிழிச்சாங்களா?

— இல்ல. 'முகம் தெரியலையே, யாருக்கு என்ன நஷ்டம்'ங்கிறார் செயலாளர்.

— ஆமா பின்னே. அவங்களுக்கு எப்பதான் நம்ம முகம் தெரிஞ்சுச்சு?

— அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இந்த வீட்டுப் படியேற ஆரம்பிச்சப்பவே, எலெக்ஷன்ல நிக்கிற யோசனை இருந்துச்சா?

— இல்லம்மா. என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல. ஆட்சி கவிழப் போகுதுன்னு பேச்சு வந்த பிறகுதான் அவங்க என்னைத் தேடி வந்தாங்க. 'எலெக்ஷன் வருமோ வராதோ, வந்தா நீங்கதான் நிக்கணும், உங்களைத் தெரியாத வீடே இல்ல'ன்னாங்க.

— கேட்டியா அம்மாடி? தெரியாத வீடே இல்லையாம். நம்ம புண்ணு, எதிர்வீட்டுக்காரர் புண்ணு, கோடி வீட்டுக் கிழவியோட முதுகுப் புண்ணு, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்திருக்காங்க. நல்ல ரூட்டுதான்.

— ஐயா, அப்படிப் பேசாதீங்க. வலிக்குது.

— எனக்கு வலிக்கலையா? பாட்டில் தண்ணியை ஊத்தி நீங்க கழுவும்போது, பெத்த பொண்ணு இருந்தா இப்படித்தான் செய்வான்னு நெனச்சேன் சிஸ்டர். மகளேன்னு கூப்பிட வாய் வந்துச்சு. நல்ல வேளை, கூப்பிடலை.

— கூப்பிட்டிருக்கலாம்.

— கூப்பிட்டிருந்தா அதையும் போஸ்டர்ல போட்டிருப்பீங்க.

— மாமா, போதும். அக்கா, நீங்க உக்காருங்க. அந்தத் துணி மூட்டையை நகர்த்திட்டு உக்காருங்க. இவரு பேசினா பேசிக்கிட்டேதான் இருப்பாரு. உங்க மேல மட்டும் இல்ல இந்தக் கோவம். வேற ஒரு ஆள் மேல. அது பழைய கணக்கு.

— எந்த ஆள்?

— நீ தேய் அம்மாடி, நானே சொல்றேன். டிப்போவை மூடறோம்னு சொன்னப்ப, வாசல் கேட்டுல தர்ணா உக்காந்தோம். விடாத மழை. அப்ப எதிர்க்கட்சியில பெரிய ஆளு ஒருத்தர் வந்தாரு. காரை ரோட்டுலேயே நிறுத்திட்டு, சேத்துல நடந்து வந்தாரு. தொப்பலா நனைஞ்சுட்டாரேன்னு என் காக்கிச் சட்டையைக் கழட்டிக் குடுத்தேன். போட்டுக்கிட்டாரு. 'உங்களுக்கு ஒரு முடிவு வர்ற வரைக்கும் இந்தச் சட்டையைக் கழட்ட மாட்டேன்'னு மைக்ல சொன்னாரு. நாங்க அழுதோம் சிஸ்டர். அத்தனை ஆம்பளைங்களும் வெக்கமில்லாம அழுதோம். என் பையன் அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடினான்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. ஒரு நாள் விடியக்காலம் அவருகிட்டேர்ந்து சங்கத்துக்கு ஒரு போன். 'போராட்டம் வாபஸ்.' யாரைக் கேட்டு வாபஸ்? யாருக்கும் தெரியாது. ஒரே யூ டர்ன். இண்டிகேட்டர் கூடப் போடலை. அடுத்த மழைக்கு முன்னாடி கட்சி மாறி, அதே ஆட்சியில அவரு போக்குவரத்து மந்திரி. எங்களை வீட்டுக்கு அனுப்பின ஆர்டர்ல கையெழுத்து அவரோடது.

— உங்க மகன்?

— அதை நான் சொல்றேன் அக்கா. அவர் கேட்டை மறிச்சுப் படுத்தவர். கேஸ் போட்டு உள்ளே வெச்சாங்க. கட்சி வக்கீல் வருவாரு, வருவாருன்னு கோர்ட் வாசல்ல நானும் மாமாவும் நின்னோம். ஒரு ஈ காக்கா வரலை. வெளியே வந்ததும், இந்த ஊர் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு கப்பல் வேலைக்குப் போயிட்டார். போன்ல பேசினா இப்பவும் முதல்ல கேக்கிறது, 'அந்தாளு இன்னும் மந்திரியா இருக்கானா?'ன்னுதான்.

— என்ன சொல்வே?

— இல்லைன்னு சொல்வேன். மறுபடி எதிர்க்கட்சிக்கு வந்துட்டாருன்னு சொல்வேன். உங்க போஸ்டர்ல, மேலே மூலையில, வட்டத்துக்குள்ளே சிரிச்சுக்கிட்டு இருக்காரே அக்கா. அவருதான்.

— பார்த்தீங்களா சிஸ்டர்? என் காலுக்கு மேலே அவரு தலை. நல்ல பொருத்தம்ல?

— அவர் மந்திரியா இருந்தது எனக்கும் தெரியும் ஐயா. சட்டைக் கதை தெரியாது.

— தெரிஞ்சிருந்தா நிக்க மாட்டீங்களா?

— நின்னிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். நெசத்தைச் சொல்றேன். இந்தத் தெரு ஆஸ்பத்திரியைப் பூட்டி எத்தனை காலம் ஆச்சு? பூட்டு துருப்பிடிச்சு, அதுல குருவி கூடு கட்டிருச்சு. மனு எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிப் போச்சு. ஆளுங்கட்சிக்காரங்க வாசல்லயே நிறுத்தி வெச்சாங்க. இவங்க ஒருத்தங்கதான் உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. நாற்காலி சரியில்லைதான். நின்னு நின்னு கால் ஓஞ்சு போச்சு ஐயா, உக்காந்துட்டேன்.

— எல்லாரும் அப்படித்தான் உக்கார்றாங்க. அப்புறம் எழுந்திருக்க மனசு வர்றதில்ல.

— மாமா, அவங்க பதில் சொல்லிட்டாங்க. இப்பக் காலைக் காட்டுங்க. கட்சிக்காக வேணாம். எனக்காக. வீடு முழுக்க வாடை அடிக்குது. தேய்ச்ச துணியில எல்லாம் ஏறுது. நேத்து ஒரு வீட்டம்மா மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தாங்க.

— அதை ஏன் நீ சொல்லலை?

— சொல்லி? நீங்க மொட்டை மாடியில போய்ப் படுத்துக்குவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?

— சரி. பிரிங்க சிஸ்டர். கட்டை மாத்திட்டுப் போயிடுங்க.

— அம்மா, அந்த ஜன்னலை நல்லாத் திற. வெளிச்சம் வேணும். ஐயா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க, துணி ஒட்டியிருக்கு.

— ம்.

— அக்கா? ஏன் அப்படியே நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்லம்மா. ஐயா, ராத்திரி குளிர் எடுத்துச்சா?

— லேசா. போர்வையைப் போட்டுக்கிட்டேன்.

— லேசாவா? பல்லெல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு அக்கா. பேரை மாத்திப் பேசினாரு. என்னை அவரோட அக்கான்னு நெனச்சுக்கிட்டாரு.

— ஐயா, இங்கே தொட்டா தெரியுதா?

— எங்கே?

— இங்கே. சுண்டு விரல்ல.

— தொடுங்க, சொல்றேன்.

— தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. ஊசியால குத்தினேன்.

— ...குத்தினீங்களா?

— ஐயோ மாமா. விரலு கருத்துப் போயிருக்கே!

— பதறாதம்மா. ஐயா, என் முகத்தைப் பாருங்க. இது இனி நான் கட்டுப் போடற புண்ணு இல்ல. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறுது பாருங்க. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். இன்னிக்கே போனா விரலோட போகும். நாளைக்குன்னா காலு. அதுக்கப்புறம் நான் சொல்ல மாட்டேன்.

— ஓஹோ.

— என்ன ஓஹோ?

— இப்பப் புரியுது. ஆம்புலன்ஸ்ல நீங்களும் ஏறுவீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பை தூக்கி கேமராவோட நிப்பான். 'ஏழை டிரைவரைக் காப்பாற்றிய வேட்பாளர்.' இந்தத் தடவையாவது மூஞ்சியைச் சேர்த்துப் போடுவாங்களா?

— ஐயா! விரலு செத்துப் போச்சு ஐயா. இதுல போய் நான்...

— அவரும்தான் மழையில நனைஞ்சாரு. அது பொய் மழையா? நெசமான மழை. நெசமாவே நனைஞ்சாரு. அப்பவும் ஏமாத்தினாரே.

— மாமா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். உங்க பையன் வந்து, எங்கப்பா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? போஸ்டர் மேல கோவிச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாருன்னு சொல்லவா?

— அழாத அம்மாடி. இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டு அழு. துணி கருகுது.

— கருகட்டும்!

— சரி, நான் ஒரு வழி சொல்றேன். சிஸ்டர், போனை எடுங்க. உங்க செயலாளருக்குப் போடுங்க. நான் நிக்கலைன்னு சொல்லுங்க, என் காதுபட. சொன்னா, இந்த நிமிஷமே வர்றேன். எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் வர்றேன்.

— அக்கா, வேணாம். இவருக்குக் காய்ச்சல்ல மூளை கலங்கியிருக்கு. நான் கீழே பேட்டரி கடையில ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போயிடலாம்.

— தூக்குங்க பார்க்கலாம். ஸ்டியரிங் புடிச்ச கை இது, கட்டிலைப் புடிச்சா விடாது.

— ஐயா, நான் நிக்கலைன்னா அந்தப் பூட்டை யார் திறப்பாங்க? உங்க கால் ஒண்ணுக்காக... எத்தனை வீட்டுக்கு நான் போறேன் தெரியுமா?

— அது எனக்குத் தெரியாது. நீங்க மருந்து போட வந்தீங்களா, ஓட்டுக்கு வந்தீங்களா? அது மட்டும் இன்னிக்கு எனக்குத் தெரியணும்.

— ரெண்டுக்கும் ஒருத்தி வரக் கூடாதா ஐயா?

— இந்த வீட்டுக்கு வரக் கூடாது.

— ...சரி. அம்மா, நீ போய் அவங்களைக் கூப்பிடு. ஒரு நாற்காலியும் கொண்டு வரச் சொல்லு. கைப்பிடி வெச்ச நாற்காலி.

— அக்கா, யோசிச்சுச் செய்யுங்க.

— யோசிக்க நேரமில்லம்மா. சிவப்பு ஏறிக்கிட்டே இருக்கு. நீ போ... ஹலோ? நான்தாங்க. இல்ல, போஸ்டர் விஷயம் இல்ல. இருங்க, நான் சொல்றதை முதல்ல கேளுங்க. நான் நிக்கலை. ஆமா, எலெக்ஷன் வந்தாலும் நிக்கலை. இல்ல, யாரும் மிரட்டலை. ஆளுங்கட்சிக்காரங்க யாரும் பேசலை. நானாத்தான் சொல்றேன். ...ஆமா. ...சரிங்க. அந்த அம்மாவையே போட்டுக்கோங்க. ...வெச்சுடறேன்.

— முடிஞ்சுச்சா?

— முடிஞ்சுச்சு. கையை என் தோள்ல போடுங்க ஐயா. எழுந்திருக்காதீங்க, சாஞ்சுக்கோங்க, போதும்.

— கெஞ்சினாரா செயலாளர்?

— இல்ல. வேற ஆள் தயாரா இருக்காங்களாம்.

— மாமா, ஆளுங்க வந்தாச்சு, கடைக்காரர் காரும் கீழே நிக்குது. அண்ணே, பின்னாடி நீங்க பிடிங்க. படி செங்குத்தா இருக்கும், காலு சுவத்துல இடிச்சுடப் போகுது. அக்கா, அவர் போர்வையை எடுத்துக்கோங்க.

— எடுத்துட்டேன். நீ வீட்டைப் பூட்டிட்டு வா. மெதுவா அண்ணே, மெதுவா... வண்டியில பின்சீட்ல காலை நீட்டி வைங்க. அப்படித்தான். ஐயா, தலையை என் மடியில வெச்சுக்கோங்க. வலிக்குதா?

— வலிக்கலை. வலிச்சாத் தேவலை.

— கண்ணை மூடாதீங்க. ஏதாவது பேசிக்கிட்டே வாங்க.

— சிஸ்டர், நெசமாவே விட்டுட்டீங்களா?

— உங்க காதுபடத்தானே சொன்னேன். விட்டுட்டேன். இனிமே வெறும் நர்ஸ்தான். இப்பவாவது நம்பறீங்களா?

— நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன் சிஸ்டர். அந்தக் கட்சியில ஒருத்தராவது, என்ன ஆனாலும் நின்ன இடத்தை விட்டு நகர மாட்டேன்னு சொல்றாங்களான்னுதான் பார்த்தேன்.