பெரட்டில் கேட்ட குரல்

விஷக்காய்ச்சல் பரவிய ஆண்டு, ஜொகூர் பாருவிலிருந்து ரெங்கத்துக்குப் பகல் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ரப்பர் தோட்டத்து மாமனும் மருமகனும். முனியாண்டி என்பவன் செத்த சேதியை அவன் அக்காவிடம் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. விடியுமுன் இருட்டில் எடுக்கும் ஆள்கணக்கான பெரட்டைப் பற்றி மருமகன் பேச்செடுத்தான்:

"மாமா, பெரட்டுல முனியாண்டிக்காக நீங்க குரல் குடுத்தது போதும். நிறுத்திடுங்க."

"நான் எங்கடா குடுத்தேன்?"

"ஆள்கணக்கு எழுதற கிராணி அவன் பேரைக் கூப்பிடறப்ப 'ஐயா'ன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"நீதான் சொல்றேன்னு நெனச்சேன். அவன் சீக்கா கெடந்தப்ப நீதானே சொன்னே?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு அப்ப சொன்னேன். அங்க கொண்டுபோன சீக்காளிங்க ஒருத்தரும் திரும்பி வரலையே. ஞாயித்துக்கிழமை அவனை யாருக்கும் தெரியாம நாம ரெண்டு பேருமா புதைச்சதுக்கப்புறம் நான் வாயே தொறக்கலை."

மாமன் வெற்றிலைப் பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

"செத்தது தெரிஞ்சா சர்க்கார் ஆளுங்க வந்து நாம குடியிருக்கிற லயத்தைக் கொளுத்திடுவாங்கன்னு பயந்து, நீ இன்னும் சொல்லிக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன்."

"நானும் உங்களை அப்படித்தான் நெனச்சேன்."

"நேத்து விடியறதுக்கு முன்னாடியும் கேட்டுச்சே. இருமலோட."

"கேட்டுச்சு. எனக்குப் பின்னாலதான்."

ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. யாரும் ஏறவில்லை.

"நாளைக்குப் பெரட்டுக்குப் போகணுமா, மாமா?"

"போகணும்டா. போகலேன்னா நம்ம பேருக்கும் அவனே பதில் சொல்லிடுவான்."