தோற்கிற அணி

“எனக்கு அடிக்கடி தோக்குற டீம்தான்ப்பா வேணும்.”

மும்பை லோக்கல் ரயிலில், வடாலாவில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெண் இப்படிச் சொன்னதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது. பன்னிரண்டாவது முடித்தவள். பக்கத்தில் அவள் அப்பா, மடியில் இரண்டு காலேஜ் விண்ணப்பங்கள். ஒரு காலேஜின் பெண்கள் கால்பந்து அணி முதல் டிவிஷனில் ஆடுகிறது, மற்றது இரண்டாம் டிவிஷனில் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“முதல் டிவிஷன்லயே கூப்பிடுதாங்க. வேண்டாங்கியே, ஏட்டி?”

“அங்க ஏற்கெனவே ரெண்டு கோல்கீப்பர் இருக்காங்க. நான் மூணாவது. ரெண்டு வருஷம் பெஞ்சுலதான் இருக்கணும்.”

“இருந்து பாத்துப் படிச்சுக்கிட வேண்டியதுதானே?”

“பாத்தா வராதுப்பா. பந்து வரணும். சின்ன காலேஜ்ல டிஃபென்ஸ் சரியில்ல. எல்லாப் பந்தும் என்கிட்டதான் வரும்.”

“தோத்தா உன்னையத்தானே ஏசுவாங்க?”

“ஏசட்டும்.”

ரயில் சுனாபட்டி ஸ்டேஷனைத் தாண்டியது. அவர் பெரிய காலேஜ் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை.

“மேட்ச் பாக்க அப்பா அம்மால்லாம் வரலாமா?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “நீங்க இதுவரைக்கும் வந்ததே இல்லியே.”

“இப்பக் கேக்கேன்லா.”

“வாங்க. கோல் விழுந்தா எந்திச்சுப் போயிரக்கூடாது.”

செம்பூரில் இறங்க இருவரும் எழுந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி அவர் மெதுவாகக் கேட்டார்: “ஒரு மேட்சுக்கு எத்தன விழும்?”

“மொதல்ல நெறைய விழும்ப்பா.”

“சரி, இருக்கேன்” என்றார்.