கழுவிவிட்ட சாலையும் கடைசிச் சாட்சியும்

இத்தனை நாள் வாய்மூடி இருந்தது போதும்.

நம் தெருச் சங்கத்தின் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேச முதலில் என்னை அழைத்தீர்கள். பிறகு, ‘அந்த ஆள் கசப்பாகப் பேசுவார்’ என்று என் பெயரை அடித்துவிட்டீர்கள். நல்லது. மேடையில் பேச நினைத்ததை இங்கே பேசுகிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் கையை இறுகப் பற்றிச் சாலையைக் கடக்கும் தாய்மார்களே! தெருவில் எல்லாவற்றையும் பார்த்து, சாட்சிக் கூண்டில் ஏறியதும் மறந்துபோகிற என் அண்டை வீட்டு நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன் என் தங்கையை இடித்தான். அவள் இன்று ஊன்றுகோலில் நடக்கிறாள். இது ஊரறிந்த உண்மை. ஊரறிந்தால் போதுமா? நீதிமன்றம் அறிய வேண்டாமா?

அன்று மாலை ஓடிவந்து அவளைத் தூக்கினீர்கள். சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் அவனுக்கும் நாற்காலி போட்டீர்களே! “பாவம், பதறிப்போயிருக்கான். வாயக் கொப்பளிப்பா, மூஞ்சியக் கழுவு” என்றீர்கள். ஒருவர் புதினா மிட்டாய் கொடுத்தார். “பிள்ளைங்க பாத்தா பயந்துடும்” என்று தாய்மார்கள் கண்ணாடிச் சில்லைப் பெருக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சாலையைக் கழுவினார்கள். ரத்தம் போனது, இடித்த இடத்தின் அடையாளமும் அதனோடு போனது.

காவலர் தாமதமாக வந்து அவனை மருத்துவரிடம் கொண்டுபோனபோது வாயில் மிட்டாய் மணந்தது. ‘போதைக்கான அறிகுறி இல்லை’ என்று எழுதிவிட்டார் மருத்துவர். ரத்தம் எடுக்கவே இல்லை. குடித்து ஓட்டிய குற்றம் அங்கேயே குப்புற விழுந்தது. இரக்கம் தவறா? தவறில்லை, ஐயா. ஆனால் இடித்தவனுக்கும் இடிபட்டவளுக்கும் ஒரே அகப்பையில் பரிமாறினால், பசித்தவள் யார் என்று எப்படித் தெரியும்?

மிஞ்சியது ஒன்றுதான்: கண்மூடித்தனமாக ஓட்டிய குற்றம். கண்மூடி ஓட்டியவனைக் கண்திறந்து பார்த்தவர்தானே காட்டிக்கொடுக்க முடியும்? முதலில் நம் தையல்காரர் கூண்டில் ஏறினார்.

“எவ்வளவு வேகம்?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“ரொம்ப வேகம்ங்க.”

“ரொம்பன்னா? உங்க மிஷின் வேகமா?”

“அது... சத்தம் கேட்டுத்தாங்க திரும்பினேன்.”

சிரிக்கிறீர்களா? அங்கேயும் சிரித்தார்கள். என் தங்கை மட்டும் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘வேகமாக வந்தான்’ என்பது போதாது. எந்தப் பக்கம் வந்தான்? எதை முந்தினான்? பிரேக் போட்டானா? நீதிபதி கேட்பது இதைத்தான். இதற்கு விடை தெரிந்தவர் ஒருவரே. தலைவர் அவர்களே, அன்றே என்னிடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “பஸ் நிக்குது தம்பி, பொண்ணு பாதி ரோடு வந்துட்டா. இவன் ராங் சைடுல ஏறி வர்றான். பிரேக்கே போடலப்பா!”

வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் முறை. நீங்களே கடைசிச் சாட்சி. முந்தாநாள் வந்து கேட்டால், “கடைய யாரு பாக்குறது? அவங்க பெரிய இடம், தம்பி” என்கிறீர்கள்.

வீட்டில் வந்து கொதித்தேன். தங்கை சொன்னாள்: “அவரத் திட்டாதண்ணா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் தலைய மடியில வச்சிருந்தது அவருதான்.”

அந்த மடிக்காகத்தான் கேட்கிறேன், ஐயா. பொய் வேண்டாம். ஒரு சொல் கூட்ட வேண்டாம். ஒரு சொல் குறைக்க வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள். தூக்கிய கை பாதி உதவி. திறக்கிற வாய்தான் மீதி உதவி! அன்று தூக்கிய கைகளுக்கு நன்றி. செவ்வாயன்று திறக்கப்போகும் வாய்க்கு முன்கூட்டியே என் வணக்கம்.

இதைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் கையெழுத்தில்லாமல் ஒட்டப்போகிறேன். யார் எழுதியது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். யாராவது விசாரித்தால், “தெரியாதுங்க, நான் பாக்கல” என்று சொல்லிக்கொள்ளுங்கள். பழகிய பதில்தானே.

செவ்வாய்க்கிழமை மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.